கொல்லர் மகனும் தென்னாட்டு உருக்கும்

மதுரைப் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகும் பேருந்தில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறீர்களா? பாதி வழியில் பசுமலை வரும். அங்கே ஏறுகிற, இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேர் உங்களைப்போலப் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். 1845-லிருந்தே பள்ளிக்கூடம் இருக்கிற ஊர் ஆயிற்றே!

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு பசுமலையில் லெனாக்ஸ் அச்சகம் என்று ஓர் அச்சகமும் இருந்தது. அந்தக் காலத்து அச்சகம் என்றால் கம்ப்யூட்டர் கிடையாது. அ, ஆ, இ என்று ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி உலோகத் துண்டு. அவற்றைக் கையால் பொறுக்கி, வரிசையாகக் கோத்து, மை தடவி அச்சடிப்பார்கள். அந்த எழுத்துகளை எதில் வார்த்தார்கள், தெரியுமா? காரீயம், ஆண்டிமனி, வெள்ளீயம் ஆகிய மூன்றும் கலந்த கலவையில். காரீயம் 327 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே உருகிவிடும். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். காரீயம் மட்டும் என்றால் எழுத்து சீக்கிரம் நசுங்கிவிடும். ஆண்டிமனி சேர்ந்தால் கெட்டிப்படும், ஓரங்கள் கூர்மையாக நிற்கும். அடித்து அடித்துத் தேய்ந்த எழுத்துகளைத் தூக்கி எறிய மாட்டார்கள். உருக்கி மறுபடி வார்த்துக்கொள்வார்கள். நேற்று ‘க’ ஆக இருந்த ஈயம் நாளைக்கு ‘ம’ ஆகும்!

அச்சகம், புத்தகம், உலோகம். இந்த மூன்றையும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புத்தகத்துக்கு அட்டை கட்டும் வேலையில் ஆரம்பித்து, உலகத்து உலோகத் தொழிலையே மாற்றிவிட்ட ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள். அவர் பெயர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரப் பாடத்தில் அவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்து இரும்போடு அவர் மல்லுக்கட்டிய கதை பாடப் புத்தகத்தில் இருக்காது.

வாரத்துக்கு ஒரு ரொட்டி

1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி லண்டனை அடுத்த நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் ஃபாரடே பிறந்தார். அப்பா ஜேம்ஸ், இரும்படிக்கும் கொல்லர். சம்மட்டியும் உலையும்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டன. ஆனால் அப்பாவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். உடம்பு படுத்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. வீட்டில் நான்கு பிள்ளைகள். 1801-ல் தானிய விலை ஏகத்துக்கு ஏறியபோது சிறுவன் மைக்கேலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ரொட்டி. அதுவும் ஒரு வேளைக்கு அல்ல, ஒரு வாரத்துக்கு! அதை அவர் எத்தனை துண்டாக வெட்டியிருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் எழுத, படிக்க, கூட்டக் கழிக்கக் கற்றுக்கொண்டதோடு சரி. 13 வயதில், அதாவது உங்களில் பலர் எட்டாம் வகுப்புப் படிக்கிற வயதில், ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். வீடு வீடாகப் போய்ச் செய்தித்தாள் கொடுப்பது வேலை. பையன் சுறுசுறுப்பானவன் என்று பார்த்த ரீபோ, அடுத்த ஆண்டே பைண்டிங் வேலை கற்றுக்கொள்ளும் மாணவனாக வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் தொழில் கற்க முன்பணம் கட்ட வேண்டும். அதை அவர் வாங்கவில்லை. ஏழு ஆண்டுகள் அங்கே வேலை.

பைண்டிங் செய்கிறவர்கள் புத்தகத்தைத் தைப்பார்கள், ஒட்டுவார்கள், ஓரம் வெட்டுவார்கள். மைக்கேல் இவற்றோடு இன்னொரு வேலையும் செய்தார்: வந்த புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்! கலைக்களஞ்சியம் ஒன்று பைண்டிங்குக்கு வந்தது. அதில் மின்சாரம் பற்றிய கட்டுரை. அதற்குப் பிறகு ஜேன் மார்செட் என்ற பெண்மணி, வேதியியலை உரையாடல்போல எழுதிய புத்தகம் வந்தது. அவ்வளவுதான், பையனுக்கு அறிவியல் பித்துப் பிடித்துவிட்டது.

ஊரில் ஒருவர் அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தினார். ஒரு சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். மைக்கேலிடம் ஏது காசு? கொல்லர் வேலைக்குப் போன அண்ணன் ராபர்ட்தான் கொடுத்தார். 1810-ல் அப்பாவும் காலமாகிவிட்டார். அந்த நிலையிலும் தம்பிக்காக ஷில்லிங் எடுத்து வைத்த அந்த அண்ணனை நாம் மறந்துவிடக் கூடாது.

ஏழு அரைக்காசுகள்

1812 ஜூலையில் மைக்கேல் தானே ஒரு மின்கலம் செய்தார். எப்படி? அந்த நாட்டு அரைப்பென்னிக் காசு செம்பால் ஆனது. அப்படி ஏழு காசுகள். அதே அளவில் துத்தநாகத் தகட்டை ஏழு வட்டங்களாக வெட்டிக்கொண்டார். உப்புத் தண்ணீரில் நனைத்த காகிதத் துண்டுகளை நடுவில் வைத்து, தோசை அடுக்குவதுபோல அடுக்கினார். இரண்டு முனைகளிலிருந்தும் கம்பி இழுத்து, மக்னீசியம் சல்பேட் கரைத்த நீரில் விட்டார். கரைசல் பிரிய ஆரம்பித்தது! மின்சாரம் ஒரு பொருளைப் பிரித்துப் போடுவதை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

நீங்களும் இதுபோல ஒன்று செய்யலாம். ஓர் எலுமிச்சம்பழத்தில் ஒரு செம்புக் கம்பியையும், துத்தநாகம் பூசிய ஓர் ஆணியையும் ஒன்றையொன்று தொடாமல் செருகுங்கள். இப்படி நான்கு பழங்களைக் கம்பியால் வரிசையாக இணைத்தால், ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு மங்கலாக எரியும். அந்தப் பழத்தை அப்புறம் ஜூஸ் போட்டுவிடாதீர்கள்! உலோகம் அதில் கரைந்திருக்கும்.

அதே 1812-ல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்தும் சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார். டேவி யார், தெரியுமா? 1807-ல் மின்சாரத்தைப் பாய்ச்சி சோடியம், பொட்டாசியம் என்ற இரண்டு உலோகங்களை முதன்முதலாகப் பிரித்துக் காட்டியவர். மறு ஆண்டே கால்சியம், மக்னீசியம், பேரியம், ஸ்ட்ரான்சியம் என்று வரிசையாகக் கண்டுபிடித்தார். நெருப்பால் பிரியாத உலோகம் மின்சாரத்தால் பிரிந்தது. லண்டனே அவரைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

மைக்கேல் நான்கு சொற்பொழிவுகளையும் கேட்டு, படங்களோடு சுமார் 300 பக்கத்துக்கு எழுதினார். எழுதியதை யார் பைண்டிங் செய்வது? அதுதான் அவருக்குக் கைவந்த தொழில் ஆயிற்றே! அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார், ஏதாவது வேலை தரும்படி கேட்டு.

அதற்கு முன்பே அவர் இன்னொரு பெரியவருக்கும் வேலை கேட்டு எழுதியிருந்தார். ராயல் சொசைட்டி என்ற அறிஞர் சங்கத்தின் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸ். அவரிடமிருந்து பதிலே வரவில்லை. இந்தப் பேங்க்ஸின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

டேவியிடமிருந்து பதில் வந்தது. 1813 மார்ச் 1-ம் தேதி ஃபாரடே ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வக உதவியாளர் ஆனார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மாடியில் இரண்டு அறைகள், மெழுகுவத்தி, அடுப்புக்குக் கரி. பிறகு டேவியோடு ஐரோப்பாவைச் சுற்றினார். பயணத்தில் டேவியின் மனைவி அவரை ஒரு வேலைக்காரன்போலவே நடத்தினார். அது அவருக்கு மனவருத்தம்தான். ஆனாலும் மின்கலத்தை முதலில் செய்த வோல்டாவை மிலான் நகரில் நேரிலேயே பார்த்துவிட்டு வந்தார்.

மேசைக்கு வந்த இரும்புக் கட்டி

இப்போதுதான் நம் ஊர்க் கதை வருகிறது.

1794-ல் பம்பாயில் இருந்த ஸ்காட் என்ற மருத்துவர், இந்திய உருக்குக் கட்டிகள் சிலவற்றை லண்டனுக்கு அனுப்பினார். அனுப்பியது யாருக்கு? அதே ஜோசப் பேங்க்ஸுக்கு! உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கட்டிகளை ஆங்கிலேயர்கள் வூட்ஸ் என்றார்கள். கன்னடத்தில் உருக்கைக் குறிக்கும் உக்கு என்ற சொல்தான் அவர்கள் வாயில் அப்படி ஆனது என்று சொல்கிறார்கள். தமிழில் உருக்கு என்கிறோம் அல்லவா?

இந்த உருக்கில் செய்த கத்தி எளிதில் மழுங்காது. அமிலம் தடவினால் அதன் மேல் நீர் அலைபோலக் கோடுகள் ஓடும். மேற்காசியாவில் புகழ் பெற்ற டமாஸ்கஸ் வாள்கள் இந்த மாதிரி உருக்கில் அடிக்கப்பட்டவைதான். லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரி இருந்தார். மருத்துவர்களுக்கான அறுவைக் கத்தி, சவரக் கத்தி செய்கிறவர். பேங்க்ஸ் கொடுத்த உருக்கை அடித்துப் பார்த்துவிட்டு அவர் அசந்துபோனார். இதைவிட நல்ல எஃகை அவர் பார்த்ததில்லை. ஆனால் இது எப்படி இப்படி இருக்கிறது? அதுதான் அவருக்கோ வேறு யாருக்குமோ விளங்கவில்லை.

கடைசியில் கட்டி ஃபாரடேயின் மேசைக்கு வந்தது. அது 1818-ம் ஆண்டு. கொல்லர் மகனுக்கு இரும்பு என்றால் சும்மாவா? ராயல் இன்ஸ்டிடியூஷனின் அடித்தளத்தில் தனியாக உலை அமைத்து, ஸ்டோடார்ட்டும் அவரும் இறங்கிவிட்டார்கள். உருக்கைக் கரைத்தார், பிரித்தார், நிறுத்தார். 1819-ல் தன் முடிவை வெளியிட்டார்: இந்த உருக்கில் அலுமினியச் சேர்மமும் கொஞ்சம் சிலிக்காவும் இருக்கின்றன; அலுமினியம்தான் இதன் ரகசியமாக இருக்க வேண்டும் என்றார்.

அந்த முடிவு தப்பு! உண்மையான காரணம் கார்பன். சாதாரணத் தேனிரும்பில் நூற்றில் ஒரு பங்குகூடக் கார்பன் இருக்காது. அதனால் அது மெத்து. வார்ப்பிரும்பில் மூன்று நான்கு சதவீதம். அதனால் அது பட்டென்று உடையும். தென்னாட்டு உருக்கில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை இருந்தது. வளையவும் வேண்டும், வெட்டவும் வேண்டும் என்றால் அந்த அளவுதான் சரி. அதை அளந்து வைக்கத் தராசோ புத்தகமோ இல்லாமல் நம் உலைக்காரர்கள் எப்படிக் கொண்டுவந்தார்கள்?

அந்த வித்தையை 1830-களில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் அவர். நம் ஆட்கள் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். முதலில் இரும்புத் தாதுவைக் கரியோடு போட்டுத் துருத்தியால் ஊதி இரும்பு எடுப்பார்கள். அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுவார்கள். களிமண்ணில் செய்த மூசைக்குள் அந்தத் துண்டுகளைப் போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சியைப் போடுவார்கள். மேலே எருக்க இலையை வைத்து மூடி, மண்ணால் வாயை அடைத்துவிடுவார்கள். இப்படி 20 முதல் 24 மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி, சுமார் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள்.

நம் வேலி ஓரத்து ஆவாரையும் எருக்கும்தான்! அவை கரிந்து தருகிற கார்பன், மூடிய மூசைக்குள் வெளியே ஓட முடியாமல் இரும்புக்குள் போய்ச் சேர்கிறது. இலை எவ்வளவு, குச்சி எவ்வளவு என்பது அப்பாவிடமிருந்து பிள்ளைக்குக் கைப்பழக்கமாக வந்தது. திருவண்ணாமலைக்குத் தெற்கே மேல்சிறுவளூரில் உடைந்த மூசைகளும் இரும்புக் கசடுகளும் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இரும்பு உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டன. ஆனால் அந்த உலைக்காரர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு கட்டியை வைத்துக்கொண்டு ஃபாரடே செய்தது எல்லாம் நாள், கிழமையோடு நோட்டில் இருக்கிறது. அந்தக் கட்டியைச் செய்தவர் யார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. பெரிய ஆலைகளின் மலிவு இரும்பு கப்பலில் வந்து இறங்கியதும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்த உலைகள் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன.

நூலளவில் தப்பிய எவர்சில்வர்

ரகசியம் பிடிபடாவிட்டாலும் ஃபாரடே கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. எஃகோடு வேறு உலோகத்தைக் கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆரம்பித்தார். வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், நிக்கல், தங்கம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் கலந்தார். சில கலவைகள் அருமையாக வந்தன. அவற்றில் சவரக் கத்தி செய்து நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்! ஆனால் பிளாட்டினமும் ரோடியமும் போட்டு யாரால் அரிவாள் செய்ய முடியும்? விலை கட்டுப்படியாகவில்லை.

1822-ல் குரோமியமும் கலந்து பார்த்தார். ஆனால் மிகக் கொஞ்சம். நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்கு மேல் குரோமியம் போட்டிருந்தால் துருப்பிடிக்காத எஃகு, அதாவது நீங்கள் தினமும் சோறு சாப்பிடுகிற எவர்சில்வர் தட்டின் உலோகம், அன்றைக்கே பிறந்திருக்கும். அதற்கு உலகம் 1913 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1823-ல் ஸ்டோடார்ட் இறந்துபோனார். ஃபாரடேயின் எஃகு ஆராய்ச்சியும் அதோடு நின்றுபோயிற்று. கலவைத் துண்டுகளை ஒரு மரப்பெட்டியில் போட்டு மூடி வைத்தார்.

அடுத்து ஒரு வேடிக்கை நடந்தது. ஆங்கிலேயக் கப்பல்களின் அடிப்பகுதியில் செம்புத் தகடு அடித்திருப்பார்கள். உப்புத் தண்ணீர் அந்தச் செம்பை அரித்தது. 1824-ல் டேவி ஒரு வழி சொன்னார்: செம்போடு ஒரு துண்டு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்து வைத்தால், அரிப்பு செம்பை விட்டுவிட்டு அந்தத் துண்டைத் தின்னும். ஆய்வகச் சோதனைகளில் உதவியவர் ஃபாரடே. சொன்னபடியே செம்பு பிழைத்தது. ஆனால் கப்பல்கள் மெதுவாகப் போக ஆரம்பித்தன! ஏன்? செம்பு கரைந்து கொண்டிருந்தவரை அதன் நஞ்சுக்குப் பயந்து கடல் சிப்பிகள் ஒட்டவில்லை. செம்பு கரையாததும் சிப்பியும் பாசியும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன. கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட்டது. ஆனால் யோசனை வீண்போகவில்லை. உங்கள் வீட்டுத் துத்தநாகம் பூசிய இரும்பு வாளியும் தண்ணீர்க் குழாயும் துருப்பிடிக்காமல் இருப்பது இதே வழியில்தான். தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது துத்தநாகம்.

அதே ஆண்டு ஃபாரடேயை ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதை எதிர்த்தவர் யார், தெரியுமா? அவரை வளர்த்துவிட்ட டேவியேதான். சிஷ்யன் தன்னை மிஞ்சுகிறான் என்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை போலும். ஃபாரடே கடைசிவரை டேவியைப் பற்றி மரியாதையாகவே பேசினார்.

எவ்வளவு மின்சாரம், அவ்வளவு உலோகம்

1831 ஆகஸ்ட் 29-ம் தேதி அவர் செய்த சோதனை எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. ஓர் இரும்பு வளையம். அதன் இரண்டு பக்கமும் செம்புக் கம்பிச் சுருள். ஒரு சுருளில் மின்சாரத்தைப் போட்டாலும் நிறுத்தினாலும் மற்றதில் முள் ஆடியது. மேட்டூர் அணையில் மின்சாரம் உற்பத்தி ஆவதும், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்வதும் இதனால்தான். இதை உங்கள் ஆசிரியர் விரிவாகச் சொல்வார். நாம் உலோகத்துக்கே வருவோம்.

இளவயதில் ஏழு அரைக்காசு வைத்துப் பார்த்த வித்தையை ஃபாரடே மறக்கவில்லை. 1833, 1834-ம் ஆண்டுகளில் அதற்குக் கணக்கு கண்டுபிடித்தார். கரைசலில் எவ்வளவு மின்சாரம் போகிறதோ, அவ்வளவுக்கு உலோகம் பிரியும். இரண்டு மடங்கு மின்சாரம் என்றால் இரண்டு மடங்கு உலோகம். அதோடு ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 108 கிராம் வெள்ளியைப் பிரிக்கும் அதே அளவு மின்சாரம், செம்பு என்றால் சுமார் 32 கிராமும், அலுமினியம் என்றால் 9 கிராமும்தான் தரும். மின்னாற்பகுப்பு, மின்வாய், அயனி என்று நீங்கள் படிக்கும் சொற்களின் ஆங்கில மூலம் எல்லாம் அப்போது பிறந்தவைதான். வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞரிடம் கேட்டு வாங்கிய பெயர்கள் அவற்றில் உண்டு.

இந்தக் கணக்கு இல்லாமல் இன்று உலோகத் தொழில் இல்லை. மின்விசிறிக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். உலையிலிருந்து வரும் செம்பில் கலப்படம் இருக்கும். அதைத் தடித்த தகடாக ஒரு பக்கமும், மெல்லிய சுத்தச் செம்புத் தகட்டை மறுபக்கமும் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். தடித்தது கரையக் கரைய, மெல்லியதில் சுத்தமான செம்பு மட்டும் போய்ப் படியும். அழுக்கு அடியில் தங்கிவிடும். சில சமயம் அந்த அழுக்கிலேயே தங்கமும் வெள்ளியும் இருக்கும்! கல்யாணத்துக்குப் போடும் கவரிங் நகையிலும் இதே வித்தைதான். செம்பின் மேல் தங்கம் மெல்லிசாகப் படிகிறது.

அலுமினியத்தை மண்ணிலிருந்து பிரிக்க 1886-ல் அமெரிக்காவில் ஹால், பிரான்சில் ஹெரூல் என்ற இரண்டு இளைஞர்கள் தனித்தனியே வழி கண்டார்கள். இருவருக்கும் கை கொடுத்தது மின்னாற்பகுப்புதான். நம் மேட்டூரில் 1965 முதல் 2008 வரை ஓடிய அலுமினிய ஆலையிலும் அப்படித்தான் செய்தார்கள். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டுதான் மூலப்பொருள். ஆனால் இதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 14 யூனிட். அதை வைத்து 75 வாட் மின்விசிறி ஒன்றை ஏறக்குறைய எட்டு நாள் நிறுத்தாமல் ஓட்டலாம்!

அதே ஒரு கிலோவைப் பழைய தட்டு முட்டுச் சாமான்களை உருக்கி எடுத்தால், இருபதில் ஒரு பங்கு மின்சாரம் போதும். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வண்டியில் வருவாரே ஒரு தாத்தா, உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார். நசுங்கிய அலுமினியச் சட்டியை வாங்கிப் போகும்போது, அவர் கிட்டத்தட்ட ஒரு வார மின்விசிறி ஓட்டத்தையும் சேர்த்து மிச்சப்படுத்திக்கொண்டு போயிருக்கிறார்.

ஃபாரடேயின் கணக்கு நம் சாமி சிலைகளுக்கும் உதவியிருக்கிறது. வயலில் உழும்போது சில சமயம் வெண்கலச் சிலைகள் கிடைக்கும் அல்லவா? மண்ணில் இருக்கும் உப்பு அவற்றுக்குள் ஏறியிருக்கும். வெளியே எடுத்த பிறகும் பச்சைத் தூளாக அரித்துக்கொண்டே இருக்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் பரமசிவன் என்ற வேதியியலரை இதற்காகவே நியமித்தார்கள். அவர் அரித்துப்போன சிலையை மின்சாரத் தொட்டிக்குள் வைத்து, உப்பை வெளியேற்றி, மூடிக் கிடந்த முகத்தையும் நகைகளையும் வெளியே கொண்டுவந்தார்.

மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் காரைக்குடி இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். பாம்பன் பாலம் இருக்கிற உப்புக் காற்றில் இரும்பு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கும் என்று பார்க்க, மண்டபத்தில் இந்த நிலையத்துக்கு ஓர் ஆய்வு மையம் உண்டு. விதவிதமான உலோகத் துண்டுகளைக் காற்றிலும் கடல் நீரிலும் வேண்டுமென்றே காய விட்டு, ஊற விட்டு, துருவை அளப்பார்கள். துருப்பிடிக்க வைப்பதே வேலையாகச் சம்பளம் வாங்குகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்!

சிவப்புத் தங்கம்

ஃபாரடேக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அவர் சபையில்தான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கென்றே அறிவியல் சொற்பொழிவு நடத்தினார். ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ஆறு நாள் பேசியிருக்கிறார் என்றால் பாருங்களேன். ராணியின் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி, அதாவது பதில் போடாத அந்தப் பேங்க்ஸ் உட்கார்ந்திருந்த நாற்காலி, இரண்டு முறை தேடி வந்தது. அதையும் வேண்டாம் என்றார்.

65 வயதில் தங்கத்தைப் பிடித்துக்கொண்டார். தங்கத்தைத் தட்டித் தட்டிக் காகிதத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மெல்லியதாக ஆக்கலாம். வேறு எந்த உலோகமும் அவ்வளவு மெலியாது. அந்தத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சளாக இல்லாமல் பச்சையாகத் தெரியும்! அதைவிடவும் பொடியாகத் தங்கத்தை நீரில் மிதக்க விட்டார். நீர் மாணிக்கம்போலச் சிவந்தது. 1857-ல் அதை விளக்கிச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தங்கத் துகள்கள்தான் இன்று பல மருத்துவப் பரிசோதனைப் பட்டைகளில் சிவப்புக் கோடாகத் தெரிகின்றன. அவர் செய்த சிவப்புத் தங்க நீர், குப்பியில் இன்றும் அடியில் தங்காமல் லண்டனில் இருக்கிறது.

ஆனால் ஞாபகம் மட்டும் அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. நேற்றுச் செய்த சோதனை இன்று நினைவில் இருக்காது. அதனால் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டு நோட்டில் எழுதி வைத்தார். மறந்தால் எண்ணைப் பார்த்துத் தேடலாம் அல்லவா? பத்திகளின் எண்ணிக்கை பல ஆயிரத்தைத் தாண்டியது. 1867 ஆகஸ்ட் 25-ம் தேதி தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஃபாரடே இறந்துபோனார்.

அந்த மரப்பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அது ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே கிடந்தது. 1931-ல் ராபர்ட் ஹேட்ஃபீல்டு என்ற எஃகு விஞ்ஞானி அதைத் திறந்தார். உள்ளே 79 துண்டுகள். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பலவற்றில் துரு இல்லை. அவர் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து ஆராய்ந்தார். சிலவற்றிலிருந்து குட்டிக் கத்திகள்கூடச் செய்து பார்த்தார். அவை நன்றாகவே வெட்டின.